மேர்கட்ரோய்ட் குடி

ஜெனூபா சாவுக்குப் பயந்தவள் இல்லை. செத்த பிறகு தனக்குக் குழி வெட்ட ஆள் வருமா என்பதுதான் அவளுடைய பயம். மருதமுனையில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலிதான். இந்தப் பக்கம் நான் தையல் மெஷின் மிதிப்பேன். அந்தப் பக்கம் அவள் கடைகளுக்குக் கொடுக்க இடியப்பம் பிழிவாள். வேலிக்கு மேலால் ஆயிரம் கதை கதைப்போம். அரிசி மா விலையில் தொடங்கினாலும் சரி, அயல்வீட்டுக் கலியாணத்தில் தொடங்கினாலும் சரி, அவள் கதை கடைசியில் மையவாடிக் குழியில் போய்த்தான் நிற்கும்.

"விடுகா, விடிஞ்சதும் விடியாததுமா மவுத்துக் கதையா?" என்று ஏசுவேன்.

"ஒங்களுக்கென்ன றாஹிலா ராத்தா, ஒங்களுக்குப் பிறந்த குடி இரிக்கி" என்பாள்.

அவள் சொன்னது உண்மை, குடி என்ற வம்சம் எனக்குப் பிறப்பிலேயே வந்தது.

ஊரில் அவளை யாரும் ஜெனூபா என்று சொன்னதில்லை. வெள்ளைக்காரியின் மகள் என்றால்தான் தெரியும். அவளுடைய வாப்பா மசூர் மாஸ்டர், இந்த ஊரிலிருந்து நெசவு படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போனவர். யோர்க்‌ஷயர் என்ற பக்கத்தில், துணி ஆலைகள் நிறைந்த ஒரு பட்டணம். படிக்கப் போன மனிதர் படிப்போடு நிற்கவில்லை. ஆலை அலுவலகத்தில் வேலை செய்த ஹில்டா என்ற பெண்ணையும் கலியாணம் முடித்துக்கொண்டு கல்முனை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஹில்டா கலிமாச் சொல்லி மரியம் ஆனார், சேலை உடுத்தார், மீன் ஆய்ந்தார், எங்கள் வெயிலில் வெந்து சிவந்தார். ஆனால் பெயர் கேட்டவர்களுக்கெல்லாம் மரியம் மேர்கட்ரோய்ட் என்று முழுசாகத்தான் சொல்வாராம். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊற்றிய தேத்தண்ணி ஆறிவிடும் என்று ஊரில் கேலி.

ஜெனூபாவுக்கு உம்மாவிடமிருந்து வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று அந்தப் பூனைக்கண். மற்றது அந்தப் பெயரின் கதை. இங்கிலீசு கூட வரவில்லை. "வெள்ளைக்காரிட மகளுக்கு இங்கிலீசு தெரியாதாம்" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தே அவளைப் படிப்பிலிருந்து ஓட்டிவிட்டார்கள். ஆனால் பெயரின் கதையை மட்டும் அவள் மறக்கவில்லை. குளிப்பாட்டித் தலை துவட்டும்போதெல்லாம் உம்மா அதைச் சொல்வாராம்.

அது அந்த நாட்டிலேயே அரிதான பெயராம். பெயரின் பின்பாதியான 'ரோய்ட்' என்பது யோர்க்‌ஷயர்க்காரரின் பழைய பேச்சில் காடு வெட்டித் திருத்திய காணி. முன்பாதி மார்கரெட் என்ற ஒரு பெண். மார்கரெட்டின் காணி என்று அர்த்தம். எந்த மார்கரெட், யாருடைய மகள், எதற்காகக் காட்டில் இறங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் போய்விட்டாள், காணிக்கு அவள் பெயர் நின்றுவிட்டது. பிறகு அந்தக் காணியில் இருந்தவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அறுநூறு வருடங்களுக்கு முன்பே அந்தப் பெயரில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்ட முதல் நாளே நான் சொன்னேன், "இது எங்கட குடி மாதிரியல்லோ கா இரிக்கி" என்று. சும்மாதான் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் குடி உம்மா வழியால் வருவது. வாப்பா ராசாவாக இருந்தாலும் சரி, பிள்ளை உம்மாவின் குடிதான். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். கலியாணம் பேசினாலும் சண்டை பிடித்தாலும் அவர் வந்துதான் கதைக்க வேண்டும். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. எங்கோ எப்போதோ ஒரே தாய் வயிற்றில் கிடந்தவர்கள் என்று கணக்கு. ஒருவர் செத்து மையத்து விழுந்தால் அந்தக் குடி ஆம்பிளைகள்தான் மண்வெட்டியோடு மையவாடிக்குப் போவார்கள், அவர்கள் தோள்தான் மையத்தைத் தூக்கும் சந்தூக்குக்கு முதல் தோள். இந்தக் காலத்தில் யார் குடி பார்க்கிறார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். வீட்டில் ஒரு கலியாணமோ மவுத்தோ வரட்டும், அந்தப் படித்தவரே முதல் ஆளாக நின்று பார்ப்பார்.

எழுபத்தெட்டாம் வருடத்துச் சூறாவளியில் மரியம் செத்துப்போனார். தறிக்கொட்டிலின் சுவர் அவர் மேல் சரிந்தது. காற்று அடங்கிய பிறகு ஊரில் கூரை இருந்த வீட்டை எண்ணிவிடலாம், மையத்துகளைத்தான் எண்ண முடியவில்லை. ஒவ்வொரு குடியும் தன் தன் மையத்தைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்கு ஓடியது. பள்ளி மோதினார் வந்து பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் குடி மையத்து?" என்று கேட்டார். அவர் மனதில் வஞ்சகம் இல்லை. எந்த மரைக்காருக்குச் சொல்லி அனுப்புவது என்று தெரியவேண்டுமே. மசூர் மாஸ்டர் தன் ஆட்களிடம் ஓடினார். அவருடைய குடிக்காரர்கள், பொன்னாச்சி குடி, தங்கள் மையத்துகளை முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அவர்களிடமும் நிறைய இருந்தது.

அன்று முழுக்கவும் மறுநாளும் அந்த மையத்து ஈரப் பாயில் கிடந்தது. கடைசியில் மசூர் மாஸ்டர் தானே ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நூல் பிடித்துப் பழகிய கை. விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே, தோண்டத் தோண்ட ஊறும் தண்ணீரில் நின்று, மனைவிக்குக் கபுறு வெட்டினார். ஜெனூபா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை வேறு எங்கே விடுவது? வாப்பாவின் கையிலிருந்து ரத்தம் பிடியில் வழிந்ததை அவள் எனக்குச் சொல்லும்போதெல்லாம் தன் உள்ளங்கையைத் திறந்து பார்த்துக்கொள்வாள். அந்த மண்வெட்டியை அவள் கடைசிவரை வைத்திருந்தாள். பிடி எத்தனையோ தடவை மாறியது, தகடு அதேதான்.

மசூர் மாஸ்டரின் ராத்தா கலந்தரும்மாவுக்குத்தான் பிள்ளை மேல் இரக்கம் வந்தது. ஒரு வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பொன்னாச்சி குடி மரைக்கார் கச்சிமுகம்மது வீட்டுக்குப் போனார். அப்போது அவர் மரைக்காராகிப் புதிது, மீசை கறுத்த வயது. "இந்தப் புள்ளைய என்ட வயித்துல பிறந்ததா வச்சிக்க. இவ இனி எங்கட குடி" என்று தட்டை முன்னால் வைத்தார். மரைக்கார் ஒரு வெற்றிலையை எடுத்து மென்றார். முடிந்தது. அந்தக் கணத்திலிருந்து ஜெனூபாவுக்குக் குழி வெட்ட ஆள் இருந்தது.

நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரக்கம் வந்தால் கண் மண் தெரியாது. இது பெண் பிள்ளை, நாளைக்கு இதுவும் ஒரு பெண் பிள்ளையைப் பெறும், அந்தப் பிள்ளை எந்தக் குடியில் மாப்பிள்ளை எடுக்க முடியும், எந்தக் குடியில் முடியாது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

ஜெனூபாவைக் கட்டிக்கொடுத்தார்கள். புருசன் ஸஹீத் சவூதிக்குப் போனான். அங்கேயே மவுத்தானான், அங்கேயே அடக்கினார்கள். அவனுக்கு யார் கபுறு வெட்டியது என்று விசாரித்து விசாரித்து ஓய்ந்தாள். மிஞ்சியது ஒரு மகள், சிபானா. அவளை இடியப்பம் பிழிந்தே ஆளாக்கினாள். அந்தச் சிபானா போய் விரும்பியது யாரை? அஸ்பாக்கை. தங்கமான பையன், மேசன் வேலை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் அவனுடைய உம்மா, பெயர் சித்தி லைலா, பொன்னாச்சி குடி. ஆகவே அவனும் பொன்னாச்சி குடி. கணக்குப்படி சிபானாவும் பொன்னாச்சி குடி.

"கூடப் பிறந்தவளக் கட்டப் போறியாடா?" என்று சித்தி லைலா தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அவள் பொல்லாதவள் இல்லை. உண்மையாகவே அருவருத்துப் போனாள். சோறு இறங்காமல் படுத்துவிட்டாள்.

சிபானாவும் அழுதழுது மெலிந்தாள். ஒரு காலையில் ஜெனூபா வேலிக்கு வந்து, "ராத்தா, என்னோட ஒருக்காப் பள்ளிக்கு வாங்க" என்றாள். கையில் வெற்றிலைத் தட்டு.

"என்னகா செய்யப் போறாய்?"

"குடியத் திருப்பிக் குடுக்கப் போறன்."

இப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. குடியை யாரும் வாங்கியதும் இல்லை, திருப்பிக் கொடுத்ததும் இல்லை. வாங்கியவள் அவள் ஒருத்திதான். ஆகவே திருப்பிக் கொடுக்கவும் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

பள்ளி நிர்வாக அறையில் கச்சிமுகம்மது மரைக்கார் இருந்தார். மீசை பஞ்சாகி, காதும் கொஞ்சம் மந்தம். மௌலவி இருந்தார். செயலாளர் அஸ்கி இருந்தான், பட்டதாரி, எந்நேரமும் போனும் கையுமாகத் திரிகிறவன். சித்தி லைலாவையும் வரவழைத்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் விறாந்தைப் பக்கம் நின்றோம்.

"என்னகா ஜெனூபா, தட்டோட வந்திருக்காய்?" என்றார் மரைக்கார்.

"ஒங்கட கையால தந்தத ஒங்கட கையிலயே தர வந்தன் மாமா. நான் பொன்னாச்சி குடி இல்ல. மாமி இரக்கப்பட்டுச் சேர்த்த. என்ட ரத்தத்துல உங்கட ஆக்கள்ட உம்மா ஒருத்தரும் இல்ல. என்ட மகளும் அஸ்பாக்கும் கூடப் பிறந்தவங்க இல்ல."

மௌலவி நெற்றியைத் தடவினார். "மார்க்கத்துல ஆரம்பத்துலயே தடை இல்ல. நீங்களாப் போட்ட முடிச்சி இது."

"மார்க்கம் வேற, முறை வேற மௌலவி" என்றாள் சித்தி லைலா. பிறகு ஜெனூபா பக்கம் திரும்பினாள். "செரி, நீ பொன்னாச்சி குடி இல்ல. அப்ப என்ன குடி? குடி இல்லாத ஊட்டுல நான் எப்பிடிகா மகனக் கொண்டு போய் உடுற?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். ஆகவே அவள் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. குடிக்குள் நின்றால் கூடப்பிறந்தவள்; குடியை விட்டால் குடியில்லாதவள். இரண்டு பக்கத்தாலும் கதவு சாத்திக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டை எடுத்து வீசியிருப்பேன்.

ஜெனூபா நிதானமாகச் சொன்னாள். "என்ட உம்மாட குடி மேர்கட்ரோய்ட் குடி."

சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவள் அசையவில்லை. காட்டை வெட்டிய மார்கரெட்டின் கதையைத் தலை துவட்டிக் கேட்ட பிள்ளையாகவே நின்று சொன்னாள். அஸ்கி போனைத் தட்டினான்.

"இரிக்கி, அப்பிடி ஒரு பேர் இரிக்கி" என்றான். "ஆனா ரெண்டு விளக்கம் போட்டிரிக்கி. மார்கரெட்ட காணி எண்டு சிலர் சொல்றாங்க. மேட்டுவெளிக்குப் போற வழியில இரிந்த காணி எண்டும் சொல்றாங்க. மறுகா இன்னொண்டு லாத்தா. அங்க பேர் வாப்பா வழியாலதான் வாற. உம்மா வழியால இல்ல."

அந்த ஒரு சொல்லில் முழுப் பந்தலும் சாய்ந்த மாதிரி இருந்தது எனக்கு. வெள்ளைக்காரர் முறைப்படி அந்தப் பெயர் ஹில்டாவோடு நின்றுவிடுகிறது, மகளுக்கு வராது. எங்கள் முறைப்படி உம்மாவிடமிருந்துதான் வரவேண்டும், ஆனால் அந்த உம்மாவுக்கே அது வாப்பாவிடமிருந்து வந்தது. ஜெனூபா எந்த முறையிலும் அடங்காதவளாக நடுவில் நின்றாள்.

"அவங்க எப்பிடியும் வச்சிக்கட்டும் தம்பி" என்றாள். "வாப்பாமாரால வந்திருக்கும், மகன்மாரால வந்திருக்கும். மொதல்ல காட்டுல இறங்கினது ஒரு பொம்பிள. அவட பேராலதான் காணி, காணிட பேராலதான் ஆக்கள். குடி எண்டா வேற என்ன?"

அஸ்கி வாய் திறக்கப் போனான். மரைக்கார் கை காட்டி நிறுத்தினார்.

"பொன்னாச்சி எண்டதும் ஆரோ ஒரு பொம்பிளதானே" என்றார். "அவவ நாம கண்டமா?"

கையை நீட்டித் தட்டை வாங்கினார். "லைலா, அவக்குக் குடி இரிக்கி. நான் சொல்றன். கலியாணத்தச் செய்." பிறகு ஜெனூபாவைப் பார்த்தார். "ஆனா ஒண்டு, மகள். ஒன்ட குடியில நீயும் ஒன்ட புள்ளயும்தான். ஆம்பிள ஒருத்தன் இல்ல. நாளைக்கு ஒனக்கு ஒண்டு எண்டா கபுறு வெட்ட ஆரு வாற?"

"தெரியும் மாமா" என்றாள்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது அவளால் குனிய முடியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் எதைக் கொடுத்து எதை வாங்கினாள் என்று அந்த அறையில் எனக்கும் அந்தக் கிழவருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். மகளின் கலியாணத்துக்காகத் தன் கபுறைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்குள் வந்து மாமிக்குச் சலாம் சொன்ன கையோடு அஸ்பாக் சொன்னான்: "மாமி, ஒங்கட கபுற நான் வெட்டுவன்."

பெண்கள் எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். "கலியாண ஊட்டுல கதைக்கிற கதையாடா இது?" என்று சித்தி லைலா மகனின் முதுகில் ஒன்று வைத்தாள். ஜெனூபா சிரித்தாள். பல் முழுக்கத் தெரிய அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். பிறகு குசினிப் பக்கம் போய் அந்தப் பழைய மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து புது மாப்பிள்ளையிடம் காட்டினாள். அத்தர் வாசத்துக்கு நடுவே மண்வெட்டி. மேசன் பிள்ளையல்லவா, அவன் தகட்டில் விரலை ஓட்டிப் பார்த்து, "நல்ல இரும்பு மாமி" என்றான். அதற்குப் பிறகு அந்த மண்வெட்டிக்கு எண்ணெய் போடுவது அவன் வேலையாகிவிட்டது.

ஊர் அவளை ஒதுக்கவில்லை. ஒதுக்கினார்கள் என்று சொன்னால் பொய். ஆனால் பொன்னாச்சி குடிக்காரர் கந்தூரிச் சோற்றை வீடு வீடாகக் கொடுக்கும்போது அவள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அந்தக் குடியில் மவுத்து விழுந்தால் அவளுக்குச் சொல்லியனுப்ப ஆள் இல்லை, பள்ளி ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். யாரும் வன்மத்தில் செய்யவில்லை. அவள் பெயர் எவருடைய பொறுப்பிலும் இல்லை, அவ்வளவுதான். அது வன்மத்தை விட மோசம் என்று நான் நினைக்கிறேன். வன்மம் என்றால் ஆள் நினைவிலாவது இருப்பாள்.

சிபானாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. றுஸ்தா என்று பெயர் வைத்தார்கள். அவளும் பூனைக்கண். ஜெனூபா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்கு வந்து, "பாருங்க ராத்தா, எங்கட குடி பெருகுது" என்றாள். பகிடிதான். ஆனால் அன்று அவள் மையவாடியைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கொரோனா. முதலில், புதைக்க விடாமல் அரசாங்கம் எங்கள் மையத்துகளை எரித்தது. அந்த மாதங்களில் எங்கள் ஆக்கள் நோய்க்குப் பயந்ததை விட நெருப்புக்குப் பயந்ததுதான் அதிகம். காய்ச்சல் வந்தவர்கள் வாயே திறக்கவில்லை. பிறகு புதைக்கலாம் என்றார்கள், ஆனால் சொந்த ஊரில் இல்லை. நாடு முழுக்க எந்தப் பக்கத்தில் மவுத்தானாலும் ஓட்டமாவடியில், காட்டுப் பக்கத்தில் ஒதுக்கிய ஒரே இடத்தில்தான். அதுவாவது கிடைத்ததே என்று அழுதுகொண்டே அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம்.

இரண்டாம் வருடம் ஓகஸ்டில் ஜெனூபாவுக்கு மூச்சு வாங்கியது. பட்டப்பகலில் அம்புலன்ஸ் வந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். அந்த முகமூடிக்கு மேலால் பூனைக்கண் மட்டும் என்னைத் தேடியது.

"ராத்தா, அஸ்பாக்கிட்டச் சொல்லுங்க. மண்வெட்டியத் தீட்டி வைக்கட்டும்."

"வாய மூடுகா! நாலு நாள்ல வந்து இடியப்பம் புழியப் போறாய்" என்றேன். அதுதான் நான் அவளிடம் சொன்ன கடைசிச் சொல்.

அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மையத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள், பெட்டியில் மூடி மற்ற மையத்துகளோடு வாகனத்தில் ஏற்றுவார்கள், குடும்பத்தில் ஓரிருவர் பின்னால் போகலாம். சிபானா பிள்ளையை இறுக்கிக்கொண்டு நிலத்தில் கிடந்தாள். அஸ்பாக் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அப்போது கச்சிமுகம்மது மரைக்கார் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். ஊரடங்கு, வயது, நோய் எதையும் பார்க்கவில்லை. பின்னால் அவருடைய மகன்கள் இரண்டு பேர் தகப்பனைத் தடுக்க முடியாமல் தள்ளி நின்றார்கள். ஜெனூபாவின் படலைக்கு முன்னால் நின்று கிழவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

"எங்கட மையவாடிக்கு வந்திருந்தா நாங்க வெட்டியிருப்பமே றாஹிலா. குடி இல்லாட்டி என்ன, அவள அப்பிடி உட்டிருப்பமா? நான் அண்டைக்கு ஒரு கதைக்குச் சொன்ன."

பெரிய மனிதர், வயதில் மூத்தவர் என்று நான் பார்க்கவில்லை. "இத அவ உசிரோட இரிக்கக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன மாமா?" என்றேன். "நீங்க ஒரு கதைக்குச் சொன்னீங்க. அவ அத நெஞ்சில வச்சிட்டுத்தான் படுத்தெழும்பினா. எத்தின வருசம்!"

அவர் தடியை ஊன்றி, வந்த வழியே மெல்ல நடந்தார்.

அஸ்பாக் குசினிப் பக்கம் போய் மண்வெட்டியை எடுத்து வந்தான். தீட்டிப் பளபளவென்று இருந்தது. வேன்காரப் பையன் பவிதரன், பாண்டிருப்புப் பிள்ளை, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணே, அங்க இறங்கவே விட மாட்டாங்க எண்டு சொல்லுறாங்க. இது என்னத்துக்கு?"

"இருக்கட்டும்" என்றான் அஸ்பாக். மண்வெட்டியைச் சாக்கில் சுற்றி, பின் சீட்டில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

பின்னேரம் அஸர் தொழுகை தாண்டித்தான் திரும்பி வந்தார்கள். அவன் வீட்டுக்குள் போகாமல் கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். நான் வேலிக்கு வந்தேன். சிபானா வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சிதா மனே?"

"ஓம் ராத்தா. தொழுவிச்சாங்க. நானும் தூரத்துல நிண்டு தொழுதன்."

"எப்பிடி இடம்?"

"காட்ட வெட்டி எடுத்த காணி. சுத்திவரக் காடு. வெட்டின மரத்துட அடியெல்லாம் இன்னும் நிக்கிது." துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். "எல்லா ஊர் ஆக்களும் கிடக்காங்க ராத்தா. ஒரு குடி, ரெண்டு குடி இல்ல. வந்த வரிசையில வச்சிட்டுப் போறாங்க."

காடு வெட்டி எடுத்த காணி. தன் பெயரின் அர்த்தத்தை ஜெனூபா வேலிக்கு மேலால் எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் சிபானாவுக்குக் கேட்க வேண்டியது வேறு. அவள் உம்மா வாழ்நாள் முழுக்கக் கேட்டதுதான்.

"கபுற நீங்களா வெட்டின?" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. "முன்னமே வெட்டியிருந்திச்சி சிபானா. பெக்கோ மெஷினால வரிசையாத் தோண்டி வச்சிருந்தாங்க. மாமிக்கும் ஒண்டு இருந்திச்சி. ஆருட மையத்து எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. அதுக்கு அங்கால இன்னும் கனக்கக் குழி சும்மா கிடந்திச்சி, நாளைக்கு வாறவங்களுக்கு."

பிறகு வேனுக்குப் போய்ச் சாக்கை எடுத்து வந்து பிரித்தான். மண்வெட்டியைக் குசினிச் சுவரில், அது எப்போதும் நிற்கும் இடத்தில் சாய்த்து வைத்தான். தகட்டில் ஒரு பொட்டு மண் இல்லை.